எட்டு வருஷக் கணக்கு

டயர் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் டாக்சி ஓட்டுநர் சங்கத்தின் அலுவலகம். ஒன்பது வண்டிகள், ஒன்பது ஓட்டுநர்கள், ஒரு தலைவர், கணக்கெழுத ஒருத்தி. அந்த ஒருத்தியை அங்கே யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கணக்கு வந்தாச்சா?", "எதுக்கும் கணக்கை ஒரு வார்த்தை கேட்டுக்க" என்றுதான் பேச்சு. அவளுக்கு வயது முப்பத்து நான்கு. ஒன்பது ஓட்டுநர்களில் ஒருவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒர்க்‌ஷாப்காரர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். சங்கத்தின் பெட்ரோல் கார்களைப் பதினோரு வருஷமாகப் பழுது பார்க்கிறவர். வழக்கமாகத் தலைவரைத் தேடிப்போய் பில்லைக் கொடுப்பார். அன்று தலைவர் வந்திருக்கவில்லை. அவள் மேசைமேல் வைத்தார்.

"தலைவர்கிட்ட குடுத்துடும்மா. அநேகமா இதுதான் நான் உங்களுக்குப் போடற கடைசி பில்லு."

"அப்படி ஏன் சொல்றீங்க? டயருக்கும் பிரேக்குக்கும் உங்ககிட்டதானே வரணும்."

"டயரையும் பிரேக்கையும் வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ஆயில், பில்டர், பெல்ட்டு, இதுலதான் பொழப்பு ஓடுச்சு. கரண்டு வண்டியில அது ஒண்ணும் கிடையாது. உங்க ஒன்பது வண்டிக்கு வருஷம் நாலு பில்லு போடுவேன். அந்த நாலு பில்லுதான் என் ஷெட்டுக்கு வாடகை."

அவள் பில்லைக் கோப்பில் செருகப் போனவள் நின்றாள்.

"நாலா? பன்னிரண்டு இல்லையா?"

"மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னா வருஷத்துக்கு நாலுதானேம்மா."

"மாசா மாசம் தலைவர் உங்களுக்குக் கட்டுறாரே."

"கட்டுறது மாசா மாசம். பில்லு ஒண்ணுதான். மொத்தமாக் குடுக்க முடியாதுன்னு மூணு தவணையாப் பிரிச்சுக் குடுப்பார். ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான்." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லை" என்றாள். அவர் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். அவள் எழுந்து பீரோவிலிருந்து சிவப்பு அட்டை நோட்டை எடுத்தாள்.

சங்கத்தின் வரவு செலவு முழுக்க அவள் கையில். ஒர்க்‌ஷாப் கணக்கு மட்டும் தலைவருடையது. வண்டிகளின் பராமரிப்புக்காக ஓட்டுநர்கள் மாதம் தவறாமல் கட்டும் சந்தா அவரிடம்தான் போகும், அதற்கான சிவப்பு நோட்டையும் அவரே எழுதுவார். இடது பக்கம் பில் தொகை, வலது பக்கம் கட்டியது. ஒரு பில் தீரும்வரை ஒவ்வொரு மாதமும் இடது பக்கத்தில் அதே தொகையை மறுபடி எழுதிவைப்பது அவர் பழக்கம். மறந்துவிடக் கூடாதென்று. நான்கு மாதத்துக்கு முன்னால் அவள் இடது பக்கங்களை மட்டும் பிரதி எடுத்துக் கூட்டியிருந்தாள். தொடர்ந்து மூன்று மாதம் ஒரே தொகை வருவதை அவள் கவனிக்காமல் இல்லை. ஏதோ ஒப்பந்தத் தொகை என்று நினைத்துக்கொண்டாள். தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்தக் கணக்கை அவளிடம் போடச் சொன்னவர்கள் ஓட்டுநர்கள்தான். மின்சார வண்டி விற்கும் ஷோரூமிலிருந்து ஓர் ஆள் வந்து, எட்டு வருஷத்தில் எவ்வளவு மிச்சமாகும் என்று வழவழப்பான தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அதை ஒருவரும் நம்பவில்லை. "அவன் கணக்குல என் வண்டி ஒரு நாள்கூட டிராபிக்ல நிக்கலை" என்றார் ரேடியோ. வாய் ஓயாமல் பேசுவதால் அவருக்கு அந்தப் பேர். "நம்ம கணக்கு போட்டுச் சொல்லட்டும், வாங்குவோம்" என்றார் மீசை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

மூன்று வாரம் உட்கார்ந்து போட்டாள். இருக்கிற பெட்ரோல் வண்டியையே ஓட்டி, மூன்றாம் வருஷம் பழசாக இன்னொன்று வாங்கினால் எட்டு வருஷத்துக்கு எவ்வளவு ஆகும். மின்சார வண்டியைக் கடனில் வாங்கினால் எவ்வளவு ஆகும். வட்டி, இன்சூரன்ஸ், சங்கத்தின் ஷெட்டில் சார்ஜ் ஏற்றினால் ஒரு விலை, வெளியே ஏற்றினால் இன்னொரு விலை. பேட்டரியின் கியாரண்டி முடிந்தபின் மாற்ற வேண்டி வந்தால் அதற்கென்று வருஷா வருஷம் ஒரு தொகை. மின்சார வண்டி கனம் அதிகம், டயர் சீக்கிரம் தேயும் என்று எங்கோ படித்து அதையும் சேர்த்தாள். டயர் தேய்மானத்தைக்கூட விடவில்லை என்று அவளுக்குள் ஒரு பெருமை இருந்தது.

பெட்ரோலுக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம். மின்சாரத்துக்கு ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரம். வண்டிக்கு இருபத்து நாலாயிரம் மிச்சம், மாதம் இருநூற்று ஐம்பது. அண்ணன் வீட்டு வாடகையே அறுநூறுதான். ஒன்பது பேரும் சரி என்றார்கள்.

அண்ணி மட்டும் கொஞ்சம் இழுத்தாள். அவள் பெரிய சலவைக்கூடம் ஒன்றில் வேலை செய்தாள். பதினான்கு வருஷச் சேமநிதியை எடுத்தால்தான் முன்பணம் கட்ட முடியும். "அந்தப் பணம் என் முட்டி ஆபரேஷனுக்கு" என்றாள். பிறகு அவளே, "கணக்கு நீ போட்டதா, அவன் போட்டதா?" என்று கேட்டாள். "நான் போட்டதுதான் அண்ணி." "அப்ப சரி" என்று மறுநாளே மனு எழுதிக் கொடுத்தாள்.

இப்போது அவள் சிவப்பு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு மறுபடி போட்டாள். பராமரிப்பு என்று அவள் எழுதியிருந்தது வண்டிக்கு ஐம்பத்து நாலாயிரம். உண்மையில் அதில் மூன்றில் ஒரு பங்கு, பதினெட்டாயிரம். பெட்ரோல் பக்கத்தில் முப்பத்தாறாயிரம் அப்படியே கழன்று விழுந்தது. ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரம். மின்சார வண்டி மலிவு இல்லை, பன்னிரண்டாயிரம் கூடுதல். கால்குலேட்டரை அழித்துவிட்டுப் பேனாவால் போட்டாள். அதேதான் வந்தது. மூன்றாம் முறையும் போட்டாள்.

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தே முக்கால்.

வியாழக்கிழமை காலை வங்கியில் எல்லோருக்கும் கடன் பத்திரத்தில் கையெழுத்து. அதற்கு முன்னால் பழைய பெட்ரோல் வண்டிகளை ஷோரூமில் ஒப்படைத்து, அவற்றின் விலையைப் புது வண்டி விலையில் கழித்துக்கொள்ள வேண்டும். மூன்று பேர் திங்கட்கிழமையே விட்டுவிட்டார்கள். அண்ணனுடைய முறை இன்று. காலையில் போன் செய்து, "ஒரு மணிக்கு விட்டுட்டு பஸ்ஸுல வந்துடுறேன் பாப்பா" என்று சொல்லியிருந்தார்.

போனை எடுத்தாள். அண்ணன் பேர் திரையில் வந்தது. என்ன சொல்வது என்று யோசித்தாள். தப்பாப் போட்டுட்டேன் அண்ணா. அவ்வளவுதான், ஒரே ஒரு வரி. அப்பா போன பிறகு அவளைக் கணக்கியல் படிக்கவைக்கப் பகலில் ஒரு வண்டியும் மாலையில் இன்னொரு வண்டியும் ஓட்டியவர் அவர். போனைக் கவிழ்த்து வைத்தாள். முதலில் தலைவரிடம் சொல்லிவிடலாம், அவருக்கு ஏதாவது வழி தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தலைவர் பதினொன்றரைக்கு வந்தார். முன்னாள் ஓட்டுநர், ஒரு கால் சற்று இழுக்கும். அவள் சொல்லி முடிக்கும்வரை நாற்காலியில் உட்காரவே இல்லை.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லை."

"சொல்லாதே. வியாழக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதே."

"எப்படி சார்? தெரிஞ்சுக்கிட்டே எப்படி..."

"இரு, நான் சொல்றதைக் கேளு. வண்டி நல்ல வண்டிதானே? புகை இல்லை, சத்தம் இல்லை. எட்டு வருஷத்துல பெட்ரோல் இதே விலையிலயா நிக்கப்போகுது? ஏறும். உன் கணக்கு தானாச் சரியாயிடும்."

"ஏறலைன்னா?"

அவர் அப்போதுதான் உட்கார்ந்தார். "பின்னாடி ஷெட்டுல ஷோரூம்காரன் மூணு சார்ஜர் மாட்டிட்டான். ஒன்பது வண்டியும் வாங்கலைன்னா அதைக் கழட்டிடுவான், மாட்டின செலவைக் கட்டணும்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். சங்கம் பேர்ல இல்லை, என் பேர்ல. நான் எங்கே போவேன்?" இழுக்கும் காலை நீட்டிக்கொண்டார். "அந்த நோட்டை ஏன் அப்படி எழுதினேன்னு நீ என்னைக் கேட்கலை. நானும் நீ எதைக் கூட்டினேன்னு கேட்கலை. விடு."

அவர் வெளியே போன பிறகு அவள் அடுத்த தாளை எடுத்தாள். பெட்ரோல் விலை ஏறினால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தாள். எட்டில் ஒரு பங்கு ஏறினால் போதும், இரண்டும் சமமாகிவிடும். எட்டில் ஒரு பங்கு பெரிய ஏற்றம் இல்லை. கால் பங்கு ஏறினால் மறுபடி மின்சார வண்டி மலிவு. அவளுக்கு மூச்சு வந்தது. பிறகு மின் கட்டணமும் ஏறினால் என்று இன்னொரு வரி சேர்த்தாள், மூச்சு போயிற்று. அந்த வரியை அடித்தாள். பேட்டரி எட்டு வருஷமும் தாங்கிவிட்டால் என்று வைத்துக்கொண்டாள். தாங்கும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு ஒதுக்கிய தொகையைப் பாதியாக்கினாள். ஒவ்வொரு தாளிலும் கடைசி வரியை முதலில் எழுதிவிட்டு, அது வருகிற மாதிரி மேலே இருக்கும் எண்களைத் தேடிக்கொண்டிருந்தாள். ஏழாவது தாளில்தான் அது அவளுக்கே தெரிந்தது. பேனாவைக் கீழே வைத்தாள்.

போன் ஒரு முறை அதிர்ந்தது. அண்ணன் அனுப்பிய செய்தி. "வண்டியை விட்டாச்சு. நல்ல விலை குடுத்தாங்க."

மணி ஒன்று இருபது.

சலவைக்கூடம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம். உள்ளே ஆவி, ஈரத்துணி வாடை, பேசினால் கத்திப் பேச வேண்டும். அண்ணி நீளமான இஸ்திரி உருளையின் முன்னால் நின்று இன்னொருத்தியுடன் விரிப்பின் இரு முனைகளைப் பிடித்து உள்ளே செலுத்திக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் மேற்பார்வைக்காரரிடம் ஐந்து விரலைக் காட்டிவிட்டு வெளியே வந்தாள்.

"என்ன, இந்த நேரத்துல? அவருக்கு ஏதாவதா?"

"அண்ணாவுக்கு ஒண்ணுமில்லை. கணக்கு தப்பு அண்ணி."

"எந்தக் கணக்கு?"

"வண்டிக் கணக்கு. மூணு மாச பில்லை மாச பில்லுன்னு எடுத்துக்கிட்டேன். மிச்சமாகாது. கையை விட்டுத்தான் போகும். மாசம் நூத்தி இருபத்தஞ்சு."

அண்ணி நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்தாள். "வரும்னு சொன்னியே, அந்த இருநூத்தி ஐம்பது?"

"அதுவும் வராது."

"அப்ப முன்னூத்தி எழுபத்தஞ்சு" என்றாள் அண்ணி உடனே. "என் சம்பளத்துல பாதி."

அவள் திட்டுவாள் என்று இவள் காத்திருந்தாள். அண்ணி திட்டவில்லை. ஏப்ரனைக் கழற்றிக்கொண்டே, "வண்டியை விட்டுட்டாரா?" என்று கேட்டாள்.

"ஒரு மணிக்கு."

"போன் போடு. நான் பையை எடுத்துட்டு வரேன்."

அண்ணன் போனை எடுக்கவில்லை. ஷோரூமிலும் யாரும் எடுக்கவில்லை. நகரத்தின் அந்தக் கோடியில் இருந்தது அது. பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம். அண்ணி ஏற முடியாமல் ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டாள். வழியில் ஒரு பாலத்தில் நெரிசல். இவள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை போனைப் பார்த்தாள். அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்த முன்பணம் திரும்பி வருமா?"

"வராதுன்னு புக்கிங் பாரத்துல போட்டிருக்கு அண்ணி."

ஷோரூமில் தரை கண்ணாடி மாதிரி இருந்தது. அண்ணியின் ஈரச் செருப்பு அதில் தடம் போட்டது. விற்பனைக்காரர் இளைஞர், மரியாதையானவர், இருவருக்கும் தண்ணீர் கொடுத்தார்.

"நேத்து வந்த மூணு வண்டியும் பின்னாடி நிக்குது மேடம். இன்னும் எங்க பேருக்கு மாத்தலை. வேண்டாம்னா எழுதிக் குடுத்துட்டு எடுத்துக்கலாம், கொஞ்சம் கட்டணம் பிடிப்பாங்க."

"இன்னிக்கு வந்தது? வெள்ளை வண்டி, சீட்டு உறை நீலம்."

அவர் முகம் மாறியது. "அந்த வண்டியா? அதுக்கு ஒருத்தர் காலையிலேர்ந்தே காத்துக்கிட்டு இருந்தார். ரொம்பச் சுத்தமா வெச்சிருந்தாங்க, எஞ்சின் புதுசு மாதிரி இருந்துச்சு. இப்பதான் எடுத்துட்டுப் போனார். முக்கால் மணி நேரம்கூட ஆகலை."

"அவர் நம்பர் குடுங்க. நாங்க பேசறோம்" என்றாள் அண்ணி.

"குடுக்கக் கூடாது மேடம்." பிறகு அவர் மனம் பொறுக்காமல் தானே அந்த ஆளுக்குப் போன் செய்தார். இருவரும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மறுமுனையில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கவில்லை. விற்பனைக்காரர் நான்கைந்து முறை "புரியுது சார்" என்றார். போனை வைத்துவிட்டு, "பணம் கட்டி, பேர் மாத்தக் கையெழுத்தும் போட்டாச்சாம். தர மாட்டேன்கிறார்" என்றார்.

அடுத்த பஸ்ஸில் அண்ணன் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

வீடு இரண்டாம் மாடி. அண்ணன் மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். சாவி அண்ணியிடம்தான் இருந்தது. அவருக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பை. வண்டியிலிருந்து எடுத்து வந்த சாமான்கள்: முதுகுக்கு வைக்கும் தலையணை, கண்ணாடி துடைக்கும் துணி, ஒரு டார்ச், சில்லறை போட்டுவைக்கும் பிளாஸ்டிக் டப்பா. "எங்கே போயிட்டு வரீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டார். சிரித்த முகமாகத்தான் கேட்டார். "போன் சார்ஜ் இல்லாம அணைஞ்சு போச்சு. கரண்டு வண்டி வாங்கப் போறவன் போனுக்குக் கரண்டு இல்லை."

அவள் படிக்குக் கீழே நின்றபடியே சொன்னாள். ஒர்க்‌ஷாப்காரர் வந்தது, நான்கு பில், சிவப்பு நோட்டின் இடது பக்கம், முப்பத்தாறாயிரம். எதையும் விடாமல் சொன்னாள். ஷோரூமுக்குப் போனதையும், வெள்ளை வண்டி போய்விட்டதையும் அண்ணி சொன்னாள்.

அண்ணன் பையிலிருந்த டார்ச்சை எடுத்து, எரிகிறதா என்று பார்த்து, அணைத்தார்.

"உனக்கு எத்தனை மணிக்குத் தெரிஞ்சது?"

மத்தியானம் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அண்ணிக்குக்கூடத் தெரியாது. அவர் நம்புவார். அவர் அவளை எப்போதும் நம்பினார்.

"பத்தே முக்கால்."

"நான் ஒரு மணிக்கு விட்டேன்."

"தெரியும் அண்ணா."

"போன் பண்ணலை."

"எடுத்தேன். வெச்சுட்டேன். எப்படியாவது கணக்கைச் சரிபண்ணிட முடியுமான்னு போட்டுப் போட்டுப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

அவர் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அண்ணியிடம் சாவிக்காகக் கை நீட்டினார். "தப்பாப் போட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார் மெதுவாக. "யாருக்கும் வரும். ஆனா ரெண்டேகால் மணி நேரம் பாப்பா." மேலே ஏறிப் போய்விட்டார். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்கவில்லை. அண்ணிக்காகத் திறந்து வைத்திருந்தார்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் டாக்சி நிறுத்தத்துக்குப் போனாள். மற்ற எட்டுப் பேரையும் வரச் சொல்லியிருந்தாள். தலைவருக்குச் சொல்லவில்லை. புதிய தாளின் பிரதிகளை ஆளுக்கொன்று கொடுத்தாள். நிறுத்தாமல் சொன்னாள்.  ரேடியோ தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

மீசைதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப ஷோரூம்காரன் குடுத்த தாளு?"

"அதுல பராமரிப்பு இவ்வளவு இல்லை. அவர் எட்டாயிரம்தான் மிச்சம்னு போட்டிருந்தார். டயரையும் பேட்டரியையும் விட்டுட்டார்."

"விக்கிறவன் எட்டாயிரம்னான். நீ இருபத்து நாலாயிரம்னே" என்றார் மீசை. "நாங்க அவனைத்தான் திருடன்னு சொன்னோம்."

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தன் வண்டியில் ஏறினார். வண்டியை இன்னும் விடாத ஐந்து பேரும் அன்றே வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை விட்ட மூவரும் கட்டணம் கட்டித் தங்கள் வண்டிகளைத் திருப்பிக்கொண்டார்கள். எட்டுப் பேருக்கும் முன்பணம் போனது போனதுதான். அதில் ஒருவர் மகளின் கல்லூரிக்கு வைத்திருந்ததைக் கட்டியிருந்தார். அவர் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. பார்க்கவும் இல்லை. தலைவர் பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வந்து, "ஆபீஸ் சாவியை மேசைமேல வெச்சுட்டுப் போ" என்றார். அவருக்குக் கோபம் இல்லை, கண்கள் சிவந்திருந்தன. சார்ஜர் பணத்துக்காக அவர் பிறகு தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தை விற்றார் என்று கேள்விப்பட்டாள்.

வியாழக்கிழமை வங்கிக்கு ஒன்பது பேர் வரவேண்டிய இடத்தில் அண்ணன் மட்டும் வந்தார். அவள் வெளியே காத்திருந்தாள்.

"அண்ணா, கையெழுத்துப் போடாதீங்க. சும்மா ஒரு மாசம் இருங்க. நான் எங்கேயாவது பிடிச்சுத் தரேன், ஒரு பழைய பெட்ரோல் வண்டி..."

"எதை வெச்சு? முன்பணம் போச்சு. வண்டிக்குக் குடுத்த விலை அவங்ககிட்ட, புது வண்டி எடுத்தாத்தான் கழிப்பாங்க, காசாத் தர மாட்டாங்க. ஒரு மாசம் சும்மா இருந்தா வாடகையை யார் குடுப்பா?" அவர் அவளைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துப் பேசினார். "நீ கணக்குல பெரிய ஆளு. இதையும் போட்டுப் பாரு. வேற வழி வருதா சொல்லு."

அவள் போட்டுப் பார்த்திருந்தாள். வரவில்லை. அவர் உள்ளே போனார். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தாள். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். பதினொரு இடம்.

அதற்குப் பிறகு ஒரு மருந்துக்கடையில் அவளுக்குக் கல்லாவில் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் வாங்கியதும் நூற்று ஐம்பதை உறையில் போட்டு அண்ணியிடம் கொண்டுபோய்க் கொடுப்பாள். முதல் தடவை அண்ணி உறையை வாங்காமல் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை என்பது இவளை வேறெதையும்விட அதிகமாக வருத்தியது. அண்ணி முட்டிக்கு இப்போது ஒரு பட்டை கட்டியிருந்தாள். இஸ்திரி உருளையிலிருந்து மாற்றி உட்கார்ந்து மடிக்கும் வேலை கேட்டிருந்தாளாம், அதில் சம்பளம் குறைவு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போகும்போது அண்ணன் உள்ளறைக்குள் போய்விடுவார். வண்டியைப் பற்றி அண்ணி சொல்லித்தான் தெரியும். சங்கத்து ஷெட்டில் இருந்த சார்ஜர்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணன் வெளியேதான் சார்ஜ் ஏற்றுகிறார், அங்கே விலை மூன்று மடங்கு. இவ்வளவு செலவு அவளுடைய புதிய தாளில்கூட இல்லை. ஒன்பது வண்டி வந்திருந்தால் ஷெட்டில் சார்ஜர் இருந்திருக்கும். எட்டுப் பேரை அவள் காப்பாற்றியதற்கும் சேர்த்து அண்ணன் கட்டிக்கொண்டிருந்தார். வரிசையில் காத்திருந்து ஏற்ற வேண்டும், அந்த நேரத்தில் இரண்டு சவாரி போய்விடும். அதனால் விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்புகிறார். "வண்டி நல்லாத்தான் இருக்காம். ஓட்டுறதுக்குச் சுகமா இருக்குன்னு சொல்றார்" என்றாள் அண்ணி. "அதைச் சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வருது."

ஆறாம் மாதத்துக்குள் இரண்டு கடன் தவணை கட்ட முடியாமல் நின்றுபோயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது அண்ணன் உள்ளே போகவில்லை. மேசையில் வங்கியிலிருந்து வந்த கடிதம் இருந்தது. அவர் இளைத்திருந்தார், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கடிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

"படிச்சுச் சொல்லு. ரெண்டு தடவை படி."

அவள் நின்றபடியே படித்தாள். கடனை இரண்டு வருஷம் நீட்டித்துத் தருகிறார்கள். மாதத் தவணை இருநூறு குறையும். மொத்தத்தில் நாலாயிரத்துச் சொச்சம் கூடும். சம்மதமானால் பத்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மறுபடி ஆரம்பத்திலிருந்து படித்தாள். எண்கள் வந்த வரிகளை மட்டும் மூன்றாம் முறையும் படித்தாள்.

"இதை நான் சொல்லக் கூடாது அண்ணா. பேங்க்லயே ஒரு அதிகாரி இருப்பார், அவர்கிட்ட..."

"அவங்க கடிதம்தானே இது" என்றாள் அண்ணி. "அவங்களையே போய்க் கேட்கவா? எங்களுக்கு வேற யாரு இருக்கா?"

"எடுத்துட்டுப் போறேன் அண்ணி. நாளைக்குச் சொல்றேன். சரியாப் பார்த்துட்டு..."

"வேண்டாம்" என்றார் அண்ணன். "நாளைக்கு வேண்டாம். இப்ப உனக்கு என்ன தெரியுதோ, அதை இப்பவே சொல்லு. தப்பா இருந்தாலும் பரவாயில்லை."

அவர் ஒரு நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்கார்ந்தாள். கீழே தெருவில் அவருடைய வண்டி நின்றுகொண்டிருந்தது. யாரோ அதன் பின்கண்ணாடித் தூசியில் விரலால் எதையோ எழுதியிருந்தார்கள், மாடியிலிருந்து படிக்க முடியவில்லை. அவள் கடிதத்தின் மூன்றாவது பத்தியில் விரலை வைத்து, வட்டி எவ்வளவு என்று போட்டிருக்கும் வரியிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.